பிள்ளையின் முதல் கமரா: மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோருக்கு ஒரு வாங்கும் வழிகாட்டி

ஓ.எல். பரீட்சை முடிந்த கையோடு பிள்ளை கமரா கேட்டால், உடனே கடைக்குப் போக வேண்டாம். பிள்ளையோடு உட்கார்ந்து, அதன் போனில் இருக்கும் கடைசி ஆறு மாதத்துப் படங்களைப் பாருங்கள். பிள்ளை எதை எடுக்க முயன்றது, போன் எங்கே கைவிட்டது என்பது அதில் தெரியும். வாவிக்கரையில் நின்ற கொக்கு வெறும் வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கிறதா? இரவுக் கூத்தில் ஆடுகிறவரின் முகம் கலங்கிப் போயிருக்கிறதா? விளையாட்டுப் போட்டியில் பந்து காலில் படும் கணம் ஒவ்வொரு முறையும் தவறியிருக்கிறதா? தூரம், இருட்டு, வேகம் ஆகிய மூன்றிலும்தான் போன் திணறும். பிள்ளை இவற்றோடு மல்லுக்கட்டியிருந்தால் கமரா வாங்க நியாயம் இருக்கிறது. போன் நிறையச் செல்பியும் சாப்பாடும் என்றால் காசை வைத்திருங்கள். இன்றைய நடுத்தர விலைப் போன் அந்த வேலையை எந்த மலிவுக் கமராவையும் விட நன்றாகவே செய்யும்.

இந்த மூன்றில் எது பிள்ளையின் தேவை என்பதைக் குறித்து வையுங்கள். கமராவை விட லென்ஸைத் தெரிவு செய்யத்தான் அது உதவும்.

எவற்றை விட்டு விலக வேண்டும்

இணையத்தில் "4கே, 48 மெகாபிக்சல், 16 மடங்கு சூம்" என்ற விளம்பரத்தோடு, கேள்விப்படாத பெயரில் மிக மலிவாக வரும் சின்னக் கமராக்களை வாங்கவே வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவற்றில் அசையும் லென்ஸே கிடையாது. சூம் என்பது படத்தை வெட்டிப் பெருப்பிப்பதுதான். சின்ன சென்சர் (வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் தகடு) பிடித்த படத்தை மென்பொருளால் ஊதித்தான் 48 மெகாபிக்சல் ஆக்குகிறார்கள்.

பழைய சட்டைப்பைக் கமராக்கள் இப்போது மீண்டும் இளசுகளிடையே மோகமாகியிருப்பதால், பெறுமதிக்கு மிஞ்சிய விலை சொல்லப்படுகின்றன. அவற்றில் பலவற்றின் சென்சர் சுமார் 6 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. உயரம். கெனன் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி வைத்த கமரா) ஒன்றின் சென்சர் 22 மி.மீ.க்கு 15 மி.மீ. பரப்பில் பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். இருட்டில் படம் தெளிவாக விழுமா என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பரப்பும் லென்ஸின் வாயகலமும்தான் (வெளிச்சம் புகும் துளையின் அளவு). மெகாபிக்சல் எண்ணிக்கைக்கு அதில் பெரிய பங்கில்லை. 12 மெகாபிக்சல் படத்தை ஏ3 தாள் அளவுக்குத் தாராளமாக அச்சிடலாம்.

எதை வாங்கலாம்

2020இற்குப் பிறகு கெனனும் நிக்கோனும் புதிய டிஎஸ்எல்ஆர் மாதிரி எதையும் வெளியிடவில்லை. கலியாணப் படம் எடுப்பவர்கள் கண்ணாடியில்லாக் கமராக்களுக்கு (மிரர்லெஸ்) மாறி வருகிறார்கள். அவர்கள் கைமாற்றும் டிஎஸ்எல்ஆர்களும் அவற்றின் லென்ஸ்களும் சந்தைக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்த பிறகு புதுக் கமரா சாதாரண குடும்பத்துக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது. ஆகவே முதல் கமராவுக்குப் பாவித்த தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்தான் பொருத்தம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பத்து வருடப் பழசு என்று தயங்க வேண்டாம். வாய், ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மூன்றையும் கையால் மாற்றிப் பழக அது தாராளம்.

கெனனில் 1100டி (2011, 12 மெகாபிக்சல்) மிக மலிவாகக் கிடைக்கும். 1200டி (2014), 1300டி (2016) இரண்டும் 18 மெகாபிக்சல். 1300டியில் வைஃபை இருப்பதால் படம் நேரே போனுக்குப் போகும், பிள்ளைக்கு அது பெரிய விஷயம். வீடியோவில் ஆர்வம் இருந்தால் 600டி (2011) பாருங்கள். திருப்பக்கூடிய திரையும் மைக் செருகும் துளையும் அதில் உண்டு, 1100, 1200, 1300 மூன்றிலும் இல்லை. வீடியோ எடுக்கும்போது போகஸ் தானாகத் தொடர வேண்டும் என்றால் 700டி (2013). 4000டி (சில நாடுகளில் 3000டி) புதிதாகத் தெரிந்தாலும் லென்ஸ் பூட்டும் வளையம் பிளாஸ்டிக். அதே விலைக்கு 1300டி கிடைத்தால் அதை எடுங்கள்.

நிக்கோனில் டி3200 (2012), டி3300 (2014) இரண்டும் 24 மெகாபிக்சல், இரண்டிலும் மைக் துளை உண்டு. ஆனால் நிக்கோன் வாங்குகிறவர் ஒரு பொறியைத் தெரிந்திருக்க வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கமராக்களின் உடலுக்குள் போகஸ் மோட்டார் இல்லை. பழைய 50 மி.மீ. 'டி' வகை லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டிவரும். லென்ஸில் 'ஏஎஃப்-எஸ்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 'ஏஎஃப்-பி' என்று எழுதிய புது லென்ஸ்கள் டி3100, டி3200இல் தானாகப் போகஸ் செய்யாது, டி3300இல் மென்பொருளைப் புதுப்பித்தால் செய்யும்.

யப்பானிலிருந்து வந்த கெனன்களில் 'கிஸ்' என்ற பெயர் இருக்கும். கிஸ் எக்ஸ்5 என்பது 600டி, எக்ஸ்50 என்பது 1100டி, எக்ஸ்70 என்பது 1200டி, எக்ஸ்80 என்பது 1300டி. தரத்தில் குறைவில்லை, மெனுவில் ஆங்கிலம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். யப்பான் உள்நாட்டுக்கென்று செய்த சோனி கமராக்கள் பெரும்பாலும் யப்பான் மொழியில் மட்டுமே இயங்கும். சோனி ஏ6000 (2014) நல்ல கமராதான், ஆனால் வாங்குமுன் மெனுவைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

லென்ஸ் விஷயத்தில், கூட வரும் 18-55 மி.மீ. லென்ஸ் தொடக்கத்துக்குப் போதும். மி.மீ. எண் கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். அதிலும் கெனன் என்றால் 'ஐஎஸ்', நிக்கோன் என்றால் 'விஆர்' என்ற எழுத்து இருக்க வேண்டும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி அது. வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும் 18-55 லென்ஸ்களில் அது இல்லாதவையும் சந்தையில் நிறைய. பறவை, அறுகம்பை அலைச்சறுக்கு, மைதானம் என்றால் பிறகு 55-250 (கெனன்) அல்லது 55-200 விஆர் (நிக்கோன்). கூத்து, கண்ணகி அம்மன் சடங்கு, மண்டப நிகழ்ச்சி என்றால் கெனனுக்கு 50 மி.மீ. எஃப் 1.8, நிக்கோனுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 ஜி. எஃப் எண் குறையக் குறைய வாய் அகலம். இரண்டையும் முதல் நாளே வாங்க வேண்டியதில்லை.

காசைப் பிரிப்பது

ஒதுக்கிய தொகையைப் பத்துப் பங்காக்குங்கள். ஏழு பங்கு கமராவுக்கும் 18-55 லென்ஸுக்கும். ஒரு பங்கு மேலதிகப் பற்றரிக்கும் மெமரி காட்டுக்கும். ஒரு பங்கு ஈரம் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், ரப்பர் காற்றூதி, துடைக்கும் துணிக்கு. மீதி ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள். பாவித்த பொருள் என்றால் முதல் சில மாதத்துக்குள் ஏதாவது சிறு செலவு வரும். பத்துப் பங்கையும் கமராவிலேயே கொட்டிவிட்டு, அதை அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைக்கும் வீடுகள் நம் பக்கத்தில் அதிகம். அடுத்த மாரிக்குள் லென்ஸில் பூஞ்சணம் நிற்கும்.

எங்கே தேடுவது

மட்டக்களப்பு நகரம், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று ஸ்டூடியோக்களில் முதலில் விசாரியுங்கள். விற்பனைக்கு வைக்காவிட்டாலும், மாற்றுக் கமராவாக ஒதுக்கிய ஒன்று அவர்களிடம் கிடக்கும். கலியாண வேலை பார்த்த கமரா நிறைய ஓடியிருக்கும், ஆனால் அதை வைத்திருந்தவர் விஷயம் தெரிந்தவர். பழுது வந்தால் தேடிப் போகவும் முடியும். இணைய விளம்பரத்தில் கொழும்பில் விலை குறைவாகத் தெரியும். பஸ் செலவையும், பிழைத்தால் திருப்பிக் கொடுக்கப் போகும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். நேரில் பார்க்காமல் முற்பணம் அனுப்பச் சொல்பவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். பெட்டியும் பில்லும் இருந்தால் அதிலுள்ள தொடர் இலக்கமும் கமராவின் அடியிலுள்ள இலக்கமும் ஒன்றுதானா பாருங்கள். பில் இல்லாவிட்டால் விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கமராவின் தொடர் இலக்கம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையாக விற்பவர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

வாங்குமுன் சோதிப்பது

இதற்கு அரை மணி நேரம் வேண்டும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கையில் ஒரு மெமரி காட், சின்ன ரோச், முடிந்தால் மடிக்கணினி கொண்டு போங்கள். "அண்ணே, ஒருக்கா எல்லாம் போட்டுப் பார்த்திட்டுச் சொல்றன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவசரப்படுத்த மாட்டார்கள்.

1. லென்ஸைக் கழற்றுங்கள். இரு பக்க மூடியையும் எடுத்து, பின்பக்கத்திலிருந்து ரோச்சைச் சற்றுச் சாய்வாக அடித்து முன்பக்கத்தால் உள்ளே பாருங்கள். மெல்லிய வெள்ளை இழைகள் வேர்விட்டுக் கிளைத்தது மாதிரித் தெரிந்தால் பூஞ்சணம். முழுக் கண்ணாடியும் புகை படிந்தது போல மங்கியிருந்தால் அதுவும் கெடுதல்தான். இரண்டில் எது இருந்தாலும் வாங்க வேண்டாம். துடைப்பித்தாலும் பூஞ்சணம் கண்ணாடியின் பூச்சை அரித்த இடம் அப்படியே இருக்கும். உள்ளே நாலைந்து தூசு இருந்தால் பொருட்படுத்தாதீர்கள், படத்தில் விழாது. முன்கண்ணாடியில் மயிரிழைக் கீறல் ஒன்று பெரும்பாலும் பாதிக்காது, பின்கண்ணாடியில் கீறல் பாதிக்கும்.

2. லென்ஸின் செப்புத் தொடுமுனைகளையும் உலோக வளையத்தையும் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ தெரிந்தால் உப்புக் காற்று வேலை செய்திருக்கிறது. திருகாணிகளில் துரு, பற்றரி அறையில் பச்சை படிந்த கம்பி, இரண்டும் அதே கதைதான். கடற்கரை வீடுகளில் இருந்து வந்த கமராவில் இதை இரண்டு தடவை பாருங்கள். உப்பு உள்ளே போன கமரா இன்றைக்கு ஓடும், எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

3. லென்ஸைப் பூட்டி, ஏவி முறையில் (வாயை நீங்கள் வைக்க ஷட்டரைக் கமராவே வைக்கும் முறை, நிக்கோனில் 'ஏ') வைத்து, 18, 35, 55 மி.மீ. மூன்று இடத்திலும் எஃப் 8, எஃப் 16 இரண்டிலும் படம் எடுங்கள். கெனன் 18-55 லென்ஸ்களில் வாயிதழ்களுக்குப் போகும் மெல்லிய நாடாக் கம்பி சூம் செய்யச் செய்ய மடிந்து கடைசியில் அறுந்து போவது வழமையான பழுது. அறுந்த பிறகும் வாய் முழுதாகத் திறந்த நிலையில் படம் விழும், வாயைச் சுருக்கினால்தான் 'எரர் 01' என்று நிற்கும். விற்பவர் 'ஓட்டோ' முறையில் வைத்து இருட்டறைக்குள் எடுத்துக் காட்டினால் இது தெரியவே தெரியாது.

4. வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எஃப் 22, ஐஎஸ்ஓ 100இல், போகஸைக் கையால் கலங்க வைத்து எடுங்கள். படத்தைத் திரையில் பெருப்பித்துப் பார்த்தால் சாம்பல் நிறப் பொட்டுகள் தெரியும். அவை சென்சரில் உள்ள தூசு. காற்றூதியால் போகும் தூசுக்காக விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம். இடம் மாறாத கோடு இருந்தால் கீறல், வேண்டாம்.

5. லென்ஸ் மூடியைப் போட்டுக் கையால் இயக்கும் முறையில் ஐஎஸ்ஓ 800, ஒரு செக்கன். கறுப்புப் படத்தில் ஒன்றிரண்டு நிறப் புள்ளி இயல்பு. நட்சத்திரக் கூட்டமாகத் தெரிந்தால் வேண்டாம்.

6. ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று பாருங்கள். நிக்கோன் எடுத்த ஜேபெக் படத்துக்குள்ளேயே அந்த எண் பதிந்திருக்கும், கணினியில் படத் தகவல் காட்டும் மென்பொருளில் தெரியும். கெனனின் தொடக்கநிலை மாதிரிகள் படத்தில் பதிவதில்லை. யூஎஸ்பியால் கணினியுடன் இணைத்து அதற்கான மென்பொருளால்தான் படிக்கலாம். படத்தின் கோப்பு இலக்கத்தைக் காட்டி "மூவாயிரம்தான் ஓடியிருக்கு" என்றால் ஏமாறாதீர்கள். 9999 ஆனதும் அது மீண்டும் 0001இல் தொடங்கும். இந்த வகைக் கமராக்களில் முப்பதாயிரத்துக்குள் என்றால் நல்லது, எண்பதாயிரத்தைத் தாண்டினால் விலை நன்றாக இறங்க வேண்டும்.

7. மேலெழும் பிளாஷ், எல்லாப் பொத்தான்கள், முறை மாற்றும் சில்லு, ஒரு நிமிட வீடியோ. பற்றரியை வெளியே எடுத்துத் தட்டையாக வைத்துப் பாருங்கள், உப்பியிருந்தால் அதன் பெறுமதி பூச்சியம். சார்ஜரும் கமராவின் பெயரிலேயே வந்ததா என்று பாருங்கள். 1100, 1200, 1300 மூன்றுக்கும் ஒரே பற்றரிதான் (எல்பி-இ10), 600டிக்கும் 700டிக்கும் வேறு (எல்பி-இ8).

லென்ஸில் பூஞ்சணம் அல்லது புகை மங்கல், உப்பு, 'எரர் 01', சென்சர் கீறல், நட்சத்திரக் கூட்டப் புள்ளிகள் இவற்றில் ஒன்று இருந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள். மற்றவை எல்லாம் விலை பேச வேண்டியவை. கைப்பிடி ரப்பர் தேய்ந்திருப்பதும் பெயிண்ட் போயிருப்பதும் விலையைக் குறைக்க நல்ல சாட்டு, படத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு

மெமரி காட் 32 ஜிபி ஒன்று போதும். 18 மெகாபிக்சல் ஜேபெக் படம் சுமார் 6 முதல் 7 எம்பி வரும் என்பதால் நாலாயிரத்துக்கு மேல் பிடிக்கும். பெயர்போன காட்டுகளுக்குப் போலி நிறைய உண்டு. வாங்கியதும் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளால் கணினியில் முழுக் காட்டையும் எழுதிப் படிக்க வையுங்கள். 32 என்று எழுதி உள்ளே 8 மட்டும் இருக்கும் காட் அதில் அகப்பட்டுவிடும். இல்லாவிட்டால் உகந்தைக்குப் போய் வந்த பிறகுதான் பாதிப் படம் திறக்காதது தெரியும்.

இனி ஈரம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, வருடக் கடைசியில் மாரி. ஈரப்பதன் 60 வீதத்துக்கு மேல் நிற்கும் இருட்டான இடம்தான் பூஞ்சணத்துக்குப் பிடித்த இடம். கமராப் பையின் ஸ்பொன்சும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஆகவே பையில் வைத்துப் பூட்டாதீர்கள். ரப்பர் விளிம்புள்ள, நான்கு பக்கமும் கிளிப் போடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை எடுங்கள். துணிப் பையில் 100 முதல் 150 கிராம் சிலிக்கா ஜெல், கூடவே சின்ன ஈரப்பதன் மானி. 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். 30க்குக் கீழே போனால் ரப்பருக்குக் கூடாது, கொஞ்சம் ஜெல்லை எடுத்துவிடுங்கள். ஜெல் மணிகளின் நிறம் மாறினால் அவற்றைக் காய வைக்கும் நேரம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் சேர்ந்திருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. செம்மஞ்சள் நிறத்தை வாங்கி, அதற்கென்றே ஒரு பழைய சட்டி ஒதுக்கி, சின்ன நெருப்பில் காயவைத்து, ஆறிய பிறகு பெட்டிக்குள் வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், மாத்தூசு லென்ஸ் வளையத்துக்குள் போகும். கிழமைக்கு ஒரு தடவையாவது கமராவை வெளியே எடுத்துப் பாவிப்பது இதெல்லாவற்றையும் விட நல்லது.

ஏசி பஸ்ஸில் அல்லது ஏசி அறையில் இருந்து வெளியே வந்ததும் கமராவை எடுத்தால் கண்ணாடியில் நீர் கோக்கும். பையை மூடியபடி இருபது நிமிடம் விடுங்கள். பாசிக்குடா மணலில் லென்ஸ் மாற்றக் கூடாது. கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. லென்ஸ் கண்ணாடியை முதலில் காற்றூதியால் ஊதாமல் துடைக்காதீர்கள், மணல் ஒன்று போதும் கீற. உப்புத் தண்ணீரில் விழுந்தால் உடனே பற்றரியைக் கழற்றுங்கள். "ஓடுதா பார்ப்பம்" என்று மீண்டும் போடுவதுதான் அதைக் கொன்றுவிடும்.

முதல் மாதம்

மெனுவில் திகதி, நேரம் சரி செய்து, வீடியோ முறையை 'பால்' (PAL) என்று மாற்றுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் செக்கனுக்கு 25 சட்டகமும் ஷட்டர் 1/50உம் வைத்தால் டியூப் லைட் வெளிச்சம் திரையில் துடிக்காது. யப்பான் கமரா 30 சட்டகத்தில் வந்திருக்கும்.

முதல் இரு கிழமை 'பி' முறை (வாய், ஷட்டர் இரண்டையும் கமராவே வைக்கும்). பிறகு ஏவி. அதன் பிறகு வலை வீசுவதற்கு ஷட்டர் 1/1000, பறவை பறப்பதற்கு 1/1600, நடந்து போகிறவருக்கு 1/250 என்று வேகத்தைக் கையால் வைத்துப் பழகட்டும். 55 மி.மீ.இல் கையில் பிடித்து எடுக்க 1/100இற்குக் குறையாமலும், 250இல் 1/400இற்குக் குறையாமலும் வைத்தால் கை நடுக்கம் தெரியாது. ஐஎஸ் இருந்தால் இன்னும் இறக்கலாம், ஆனால் ஆடும் மனிதரை அது நிறுத்தாது. கூத்துக் களரியில் 18-55 லென்ஸால் ஐஎஸ்ஓ 3200 வைத்தாலும் படம் கலங்கினால், 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கும் காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதில் 1/125, ஐஎஸ்ஓ 1600இல் தொடங்கலாம். களரியில் பிளாஷ் அடிக்க வேண்டாம், ஆடுகிறவரின் கண்ணும் கூசும், உடுப்பின் மினுக்கமும் வெளிறிவிடும்.

நம் கரையில் சூரியன் கடலில் எழும்பி வாவிப் பக்கம் மறையும். காலையில் கல்லடிக் கடற்கரையிலும் மாலையில் வாவிக்கரையிலும் நின்றால் வெளிச்சம் நீங்கள் எடுக்கும் ஆளின் பின்னாலிருந்து வரும். அப்போது ஆட்களின் முகம் கறுக்கும். கமராவின் பிளஸ்-மைனஸ் பொத்தானில் பிளஸ் ஒன்று ஏற்றினால் முகம் தெரியும், மைனஸ் ஒன்று இறக்கினால் தோணி மட்டும் கறுப்பு உருவமாக நிற்கும். இரண்டையும் எடுத்துப் பார்த்தால் வெளிச்சம் அளப்பது என்னவென்று பிள்ளைக்கு ஒரே நாளில் விளங்கும். அம்பாறைப் பக்கம் யானையை எடுக்க 55 மி.மீ. லென்ஸோடு கிட்டப் போவதற்கு மட்டும் எக்காரணத்தாலும் விடாதீர்கள். முகாம்கள், காவலரண்கள் பக்கம் கமராவைத் திருப்பவும் வேண்டாம்.

ரோ கோப்பில் (சென்சர் பிடித்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) எடுத்தால் 18 மெகாபிக்சல் கமராவில் ஒரு படம் 20 எம்பிக்கு மேல் வரும், வீட்டுக் கணினி தாங்குமா பாருங்கள். தாங்கினால் கெனன், நிக்கோன் இரண்டும் தங்கள் மென்பொருளை இலவசமாகவே தருகின்றன, 'டார்க்டேபிள்' என்ற இலவச மென்பொருளும் உண்டு. திருட்டு மென்பொருள் தேடி வைரஸ் வாங்கத் தேவையில்லை. படங்களைக் கணினிக்கு ஏற்றி, இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி போட்ட பிறகு, காட்டைக் கணினியில் அழிக்காமல் கமராவிலேயே போர்மட் செய்யுங்கள். கணினியில் அழித்து அழித்துப் பாவித்த காட் திடீரென்று 'காட்டைப் படிக்க முடியவில்லை' என்று நிற்கக்கூடும்.